ஏழு லிட்டர் எண்ணெய்

வெள்ளி, காலை 6.40.

உழவர்கரை ஐஸ் ஃபேக்டரி வாசலில் நின்ற லாரியின் சீட்டைத் தூக்கி, அளவுக்கம்பியை உருவிப் பார்த்த இனியவனின் முகம் சுண்டிப் போனது. என்ஜினுக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று காட்டும் கம்பி அது. அதில் இரண்டு கோடுகள். மேல்கோடு வரை நனைந்திருந்தால் நிறைவு, கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் அபாயம். இன்றைக்குக் கம்பியின் நுனி மட்டும்தான் பளபளத்தது.

போன வெள்ளிக்கிழமை அவனே தன் கையால் ஒரு லிட்டர் ஊற்றியிருந்தான். அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் இழுத்து வைத்திருந்தான், யாராவது திருகினால் தெரியட்டும் என்று. கோடு கலையவில்லை. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. எண்ணெய் மட்டும் மாயமாகிவிட்டது.

"இன்னாண்ணே இது?" என்றான், பக்கத்தில் நின்ற டிரைவர் வேம்புவிடம். வாயில் மரியாதை இருந்தது. கண்ணில் இல்லை.

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"ஒண்ணு என்ஜின் குடிக்கணும். இல்ல யாராவது எடுக்கணும். கம்பி சொருவுற ஓட்டையில சின்ன டியூப்ப விட்டு உறிஞ்சிடலாமாமே?"

வேம்புவுக்கு ஐம்பத்தேழு வயது. இனியவனின் அப்பாவோடு மில்லில் ஒரே ஷிப்டில் நின்றவர், மில்லை மூடிய பிறகு ஸ்டியரிங் பிடித்தவர்.  அவர் சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து, சீட்டை இறக்கி அதன் மேல் வைத்தார். டீக்கடைப் பக்கம் நடந்து போய், டீ சொல்லாமலே நின்றார்.

காலை 8.15.

"அதுக்கு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டாள் செந்தமிழ்ச்செல்வி, தட்டில் தோசையைப் போட்டபடி.

செல்வி இனியவனுக்கு அக்கா. எடையளவு ஆய்வாளர் வேலையில் இருபத்திரண்டு வருஷம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அவள் ஸ்கூட்டர் நுழைந்தால் தராசுத் தட்டுகள் எல்லாம் திடீரென்று சுத்தமாகிவிடும். கல்லை எடுத்துக் காட்டுகிறவன் முகத்தை அவள் பார்க்கவே மாட்டாள், கல்லைத்தான் பார்ப்பாள்.

"வண்டிய நம்ம பக்கத்துல லாரி வெச்சிருக்கற ராமலிங்கம் அண்ணன் எடுத்துக்கிறேங்கறாரு. என்ஜின் போன வண்டின்னுதான் வெல. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குக் கையெழுத்து."

"வேம்பு அண்ணன்?"

இனியவன் தோசையைப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை. "நிறுத்திடப் போறேன்க்கா. அப்பாவோட சிநேகிதர்னு பார்த்துப் பார்த்து எத்தினி நாள்?"

செல்விக்குச் சுருக்கென்றது. அப்பாவும் வேம்புவும் மில் வாசலில் பகுத்தறிவுக் கூட்டம் போட்டவர்கள். சாமி இல்லை என்று தொண்டை கிழியப் பேசிவிட்டு, ஒரு பொட்டலம் கடலையைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தின்றுகொண்டே வீட்டுக்கு வருவார்கள். அப்பா இறந்த அன்று வேம்பு அழுத அழுகை அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்த மனிதரைத் திருடன் என்று அனுப்பினால், அவர் இந்த ஊரில் இன்னொரு வண்டியில் ஏற முடியுமா? அதுவும் இப்போது. மீன்பிடி தடைக்காலம் முடிய இரண்டே நாள். திங்கட்கிழமை விசைப்படகுகள் எல்லாம் கடலுக்குப் போகும், எல்லாப் படகுக்கும் ஐஸ் வேண்டும்.

"நாளைக்குப் பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கில்ல?" என்றாள். "அதுவரைக்கும் யாரையும் எதுவும் சொல்லாத. இன்னிக்கு லீவு போடறேன்."

காலை 9.30.

வேம்பு லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். செல்வி எதிரே ஒரு காலி கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்துண்ணே கொறையுது?"

"கேலண்டர்ல இருக்கு பாப்பா."

வண்டிக்குள், முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே, ஒரு சின்னக் காலண்டர் தொங்கியது. எண்ணெய் ஊற்றிய நாளில் எல்லாம் பேனாவால் ஒரு வட்டம். தை மாதம் வண்டி வாங்கியதிலிருந்து ஏப்ரல் பாதிவரை ஒரு வட்டம்கூட இல்லை. அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று, தவறாமல்.

"ஏப்ரல் பதினெட்டு இன்னா நடந்துச்சு?"

"வினோத்குமார் ஒர்க்‌ஷாப்புல ஆயில் மாத்தினோம். சாயந்திரம் பார்த்தேன், மேல்கோட்டுல நின்னுச்சு. மறுநாள் காலைல பார்த்தா கீழ்க்கோட்டுக்கும் கீழ. எனக்கே பயமாயிடுச்சு."

"ஒரே ராத்திரியிலயா?"

"ஒரே ராத்திரியில. வண்டி இங்கதான் நின்னுச்சு."

"பொகை வருதா?"

"அதான் பாப்பா புரியல. ஆயில் ஊத்துனா ரெண்டு மூணு நாளைக்கு நீலப் பொகை கக்குது. அப்புறம் தன்னால நின்னுடுது. திரும்ப ஊத்துனா திரும்பப் பொகை."

"சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு கேட் ரூம் ஆணியில. லோடு ஏத்தறப்ப வண்டிய நகத்தணுமே. எல்லா வண்டிச் சாவியும் அங்கதான் தொங்குது."

செல்வி அளவுக்கம்பியை உருவி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடிக்கும் வளையத்தின் உள்மடிப்பில் மஞ்சளும் சிவப்புமாய்க் காய்ந்த ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்துவிட்டு, கம்பியைத் திரும்பச் சொருகினாள்.

காலை 10.10.

"வாம்மா செல்வி!" ராமலிங்கம் வாய் நிறையக் கூப்பிட்டார். அவருடைய லாரி இரண்டு வண்டி தள்ளி நின்றது. அதே கம்பெனிதான், ஆனால் பத்து வருஷம் பழைய மாடல். பக்திமான். ஜாக்கியிலிருந்து ஹாரன் வரைக்கும் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் இன்னும் திட்டுத் திட்டாக மிச்சமிருந்தன. வீல் ஸ்பேனரைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

"டியூப் விட்டு எடுக்கலாம்னு தம்பிகிட்ட சொன்னது நீங்களா?"

"ஐயோ, நான் வேம்புவ ஒண்ணும் சொல்லலம்மா. ஊர்ல நடக்கறதச் சொன்னேன். பழைய வண்டின்னா எண்ணெய் குடிக்கும். பாவம் இனியவன், வாங்குன நேரம் சரியில்ல."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே. எண்ணெய எப்படிப் பாக்கறது?"

ராமலிங்கம் உற்சாகமாகிவிட்டார். தன் வண்டிச் சீட்டைத் தூக்கினார். பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியை உருவித் துடைத்து, மறுபடி சொருகி எடுத்துக் காட்டினார். "இப்படித்தாம்மா. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னாப் போதும்."

வளையம் புத்தம் புதிதாகப் பளிச்சென்று மின்னியது. செல்வி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

காலை 11.00.

லாரியை இனியவனுக்கு விற்றவர் ரொட்டிக்கடை அந்துவான், பிரெஞ்சுப் பாணியில் ஊருக்கே 'முசியே'. போனில் அவர் குரல் கணீரென்று வந்தது.

"வண்டிய யார் ஓட்டினது முசியே?"

"நான்தான். வாங்கின நாள்லேர்ந்து வித்த நாள் வரைக்கும் வேற கை பட்டதில்ல."

"ஆயுத பூஜை போட்டிருக்கீங்களா?"

"நோன், நோன்! இல்லவே இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவ மாதா கோயிலுக்கு எடுத்துப் போவேன், சாமியார் தீர்த்தம் தெளிப்பார். அதோட சரி. ஏம்மா, வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடும் முசியே," என்றாள் செல்வி.

சனி, காலை 10.30.

வினோத்குமாரின் ஒர்க்‌ஷாப் குழிக்கு மேலே லாரி நின்றது. இனியவன் கைகட்டி நின்றான். வேம்பு சுவரோரம் ஒதுங்கியிருந்தார். கையெழுத்துக்கு முன்னால் வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டுமென்று ராமலிங்கமும் தன் லாரியில் வந்திருந்தார். செல்வி ஒரு பையிலிருந்து தன் சொந்த ஒரு லிட்டர் எவர்சில்வர் படியை வெளியே எடுத்தாள்.

"வினோத், இந்த என்ஜின் எவ்வளவு பிடிக்கும்?"

"ஃபில்டரோட சேர்த்து ஏழு லிட்டர்க்கா. கம்பெனி புக்குலயே இருக்கு."

"இப்ப ஸ்டிக் இன்னா காட்டுது?"

வினோத்குமார் உருவிப் பார்த்தான். "நுனிதான் நனையுது. அஞ்சு லிட்டர் இருந்தாலே அதிகம்."

"எல்லாத்தையும் எறக்கு."

சிவப்புப் பெயிண்ட் கோட்டை உடைத்துக்கொண்டு போல்ட் கழன்றது. கறுப்பு எண்ணெய் தட்டில் இறங்கியது. ஃபில்டரையும் கழற்றிக் கவிழ்த்தான். எண்ணெய் முழுக்க வடிந்து தீரக் கால் மணி நேரமானது. பிறகு செல்வி படியில் மொண்டு மொண்டு காலி டின்னில் ஊற்றினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

இனியவன் கிட்டே வந்தான்.

"நாலு. அஞ்சு."

தட்டில் இன்னும் எண்ணெய் இருந்தது. வேம்பு சுவரை விட்டு நகர்ந்தார்.

"ஆறு." கடைசிப் படி தலையைத் தட்டி நிறைந்தது. "ஏழு."

"எப்படிக்கா?" இனியவன் டின்னுக்குள் எட்டிப் பார்த்தான். "முழுசா இருக்கே!"

"முழுசாத்தான் இருக்கும்டா. உன் வண்டில எண்ணெய் கொறையவே இல்ல. நாங்க கடைக்குப் போனா முதல்ல சாமான எடை போடறதில்ல, எடைக்கல்லத்தான் எடை போடுவோம். ரெண்டு மாசமா நீங்க எல்லாரும் கம்பிய வெச்சு எண்ணெய அளந்தீங்க. கம்பிய யாராவது அளந்தீங்களா?"

கம்பியை வினோத்குமாரிடம் நீட்டினாள். அவன் அலமாரியிலிருந்து இதே மாடலுக்கான புதுக் கம்பி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். வண்டியில் இருந்தது இரண்டு விரல் குட்டை.

"அட! இது பழைய மாடல் ஸ்டிக்குக்கா. அந்த என்ஜினோட தொட்டி ஆழம் வேற, ஆனா ஓட்டை ஒண்ணுதான். அச்சா உக்காந்துக்கும்."

"அதான். எண்ணெய் நெறஞ்சிருந்தாலும் இந்தக் குட்டைக் கம்பி நுனிதான் தொடும். கொறையுதுன்னு நீங்க ஊத்தறீங்க. ஏழு லிட்டர் பிடிக்கற எடத்துல எட்டு போனா இன்னா ஆகும் வினோத்?"

"அதிகமானத என்ஜின் அடிச்சுக் கலக்கி, காத்துக் குழாய் வழியா இழுத்து எரிச்சிடும். நீலப் பொகை..." அவன் பாதியில் நிறுத்தினான்.

"ரெண்டு மூணு நாளைக்குப் பொகை, அப்புறம் தன்னால நின்னுடும். வேம்பு அண்ணன் நேத்தே சொன்னாரு. என்ஜின் கெட்டிருந்தா எப்பவும் பொகைஞ்சிருக்கும். ஊத்துனப்ப மட்டும் பொகைஞ்சதுன்னா அது வேணாங்கறதத்தான் துப்புது. ஏழுக்கு வந்ததும் அடங்கிடுது. வாரா வாரம் ஒரு லிட்டர் இப்படித்தான் போச்சு. யாரும் குடிக்கல, யாரும் எடுக்கல."

வேம்பு கண்ணை மூடித் திறந்தார்.

"அப்ப கம்பிய மாத்தினது யாரு?" என்றான் இனியவன்.

செல்வி கம்பியின் வளையத்தைத் திருப்பிக் காட்டினாள். "உள்ள ஒட்டியிருக்கறதப் பாரு. சந்தனம், குங்குமம். இத வெச்சது யாரு? நீயா? நம்ம வீட்ல பொட்டு வாங்கின கதையே கெடையாது. வேம்பு அண்ணனா? குங்குமத்தக் கண்டாலே பக்கத்துத் தெருவுக்குப் போயிடுவாரு. முசியே அந்துவானோட வண்டிக்குத் தீர்த்தம்தான். தை மாசம் வாங்குன வண்டி இன்னும் ஒரு ஆயுத பூஜைகூடப் பாக்கல. அப்ப இந்தக் கம்பி வேற வண்டியோடது. பூஜை போட்ட வண்டி, பழைய மாடல், ராத்திரி நம்ம வண்டிக்குப் பக்கத்துல நிக்கற வண்டி. நம்ம சாவியும் கேட் ரூம் ஆணியிலதான் தொங்குது."

ராமலிங்கம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ராமலிங்கம் அண்ணே, உங்க வண்டில ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு இருக்கு. ஸ்டிக் மட்டும் ஏன் பொட்டில்லாம புதுசா மின்னுது? நீங்களே தானே எடுத்துக் காட்டுனீங்க?"

"ஏப்ரல்லதான் வாங்குனாரு," வினோத்குமார் மெதுவாகச் சொன்னான். "பழசு ஒடைஞ்சிடுச்சின்னாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

ஒர்க்‌ஷாப்பில் எல்லாக் கண்களும் ராமலிங்கத்தின் பக்கம் திரும்பின. எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்த மனிதர், வருஷா வருஷம் தன் கையாலேயே வைக்கும் பொட்டை மட்டும் மறந்துபோயிருந்தார். பழகிய கைக்கு அது கண்ணில் படவே இல்லை.

"இருவது வருஷமா தேங்காய்த்திட்டுக்கு நான்தான் ஐஸ் ஏத்துறேன்," என்றார் ராமலிங்கம் கடைசியில்.  "இந்த வண்டி வந்தப்புறம் எல்லாப் படகுக்காரனும் வேம்பு அண்ணன அனுப்புங்கறான். சொன்ன நேரத்துக்கு வந்துடறாராம். என்னை ஒருத்தனும் கூப்புடல. இந்த வண்டி ஒழிஞ்சாப் போதும்னு பண்ணிட்டேன். வேம்புமேல பழி வந்தப்ப வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல."

வெளியே போய்த் தன் லாரியின் சீட்டுக்குப் பின்னாலிருந்த கோணிச் சுருட்டை எடுத்து வந்தார். உள்ளே இனியவன் வண்டியின் கம்பி பத்திரமாக இருந்தது. வண்டிக்காரனுக்கு எந்தச் சாமானையும் தூக்கி எறிய மனசு வராது. அதை அவர் இனியவனிடம் தரவில்லை, வேம்புவிடம் நீட்டினார்.

வேம்பு வாங்கிக்கொண்டார். "நேரத்துக்கு நீயும் வாயேன் ராமலிங்கம்," என்றார். "உன்ன யாரு வேணாங்கறா? நூத்துக்கணக்குல படகு நிக்குது. ஒரு வண்டி ஐஸ் எந்த மூலைக்கு?"

செல்வி வேம்புவையே பார்த்தாள். இந்த மனுஷனையா டியூப் விட்டு உறிஞ்சினார் என்று சொன்னார்கள்!

இனியவன் தலை குனிந்தே நின்றான். "அண்ணே..." என்றான். 

"வுடு தம்பி. மொதல்ல புது ஆயில் ஊத்தச் சொல்லு. ஏழு லிட்டர், அளந்து."

திங்கள், காலை 5.50.

ஐஸ் ஏற்றிய லாரி புறப்படத் தயாராக நின்றது. வேம்பு கம்பியை உருவினார், துடைத்தார், சொருகினார், மறுபடி உருவி இனியவனிடம் காட்டினார். எண்ணெய் மேல்கோட்டில் நின்றது.

இனியவன் கேட் ரூமுக்குப் போனான். ஆணியில் தொங்கிய இரண்டாவது சாவியை எடுத்து வந்து வேம்புவின் சட்டைப் பையில் போட்டான்.

"ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்ணே."

வேம்பு பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தவர், வழியனுப்ப வந்திருந்த செல்வியைக் கிட்டே கூப்பிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, குங்குமத்தாலதான் தப்பிச்சேன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத. உங்கப்பன் இருந்தான்னா என்னை விட்ருக்கவே மாட்டான்."

செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். லாரி கேட்டைத் தாண்டித் தேங்காய்த்திட்டு பக்கம் திரும்பியது. அது கண்ணுக்கு மறையும்வரை அவள் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐஸ் தண்ணீர்தான் ரோட்டில் கோடாக வடிந்துகொண்டு போனது. புகை துளிகூட இல்லை.