கண்ணாடி முன் கழுகு

"சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவங்களை என் தங்கச்சின்னு வெளியில சொல்ல மாட்டேன்."

"ஏன், போட்டா என்னவாம்?"

"கண்ணு மக்குன்னு அர்த்தம். என்னைப் பாரு, கழுகுக் கண்ணு."

போன மாதம் அண்ணன் சொன்னது இது. அன்றிலிருந்து, அம்மாவிடம் கேட்க நினைத்ததை வாண்டு விழுங்கிக்கொண்டே இருந்தாள். கரும்பலகை எழுத்தெல்லாம் அவளுக்கு எறும்புக் கூட்டமாகத் தெரிந்தது. 'நாளை விடுமுறை' என்பதை 'நாளை விளையாட்டு' என்று படித்துவிட்டு, மறுநாள் ஓட்டப்பந்தய உடையில் பள்ளிக்குப் போனாள். பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு நாய் மட்டும் கொட்டாவி விட்டது.

இன்று கடைசி வகுப்பான அறிவியல் முடிந்து வீடு திரும்பியதும், நேராக அம்மாவின் தையல் அறைக்கு வந்தாள். ஆளுயரக் கண்ணாடி முன்னால் அண்ணன் நின்றான். அம்மா வாய் நிறையக் குண்டூசிகளோடு அவன் புதுச் சட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுகு அண்ணா, ஒரு போட்டி. கண்ணாடியில உன் இடது கண்ணைப் பாரு. அப்புறம் வலது கண்ணைப் பாரு. கண்ணு நகர்றது தெரியுதா?"

"இதெல்லாம் ஒரு போட்டியா?"

பார்த்தான். மறுபடி பார்த்தான். மூக்கு கண்ணாடியில் இடித்தது.

"நகரவே இல்லையே."

"நகருதே. கிட்ட நின்னா எனக்கே தெரியுது. அம்மாவைக் கேளு."

"ம்ம்" என்றாள் அம்மா. குண்டூசிகளோடு அவ்வளவுதான் முடியும்.

"இந்தக் கண்ணாடி கெட்டுப்போச்சு" என்று அண்ணன் குளியலறைக்கு ஓடினான். திரும்பி வந்து, "அதுவும் கெட்டுப்போச்சு" என்றான்.

வாண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கண்ணு சட்டுனு தாவும்போது பார்க்கிறது கலங்கிடுமாம். அதனால மூளை அந்த நேரம் மட்டும் திரை போட்டுடுமாம். எல்லாருக்கும் அப்படித்தான். டீச்சர் சொன்னாங்க."

"அப்ப நான் கழுகு இல்லையா?"

"பரவாயில்ல. உன்னை என் அண்ணன்னு வெளியில சொல்லுவேன்."

அம்மா சிரித்ததில் ஒரு குண்டூசி கீழே விழுந்தது. வாண்டு குனிந்து, இல்லாத இடமெல்லாம் தடவினாள். அண்ணன் சற்று நேரம் அவளையே பார்த்தான். பிறகு அவள் காலடியில் கிடந்த ஊசியை எடுத்துக் கையில் கொடுத்தான். கேலி எதுவும் செய்யவில்லை.

வாண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, எனக்குக் கண்ணாடி வேணும்."

அம்மா குண்டூசிகளைக் கையில் துப்பினாள். "இவ்வளவு பெரிசா ஒண்ணு முன்னாலேயே நிக்குதே?"

"முகம் பார்க்கிற கண்ணாடி இல்லம்மா. மூக்குல மாட்டுற கண்ணாடி."