தொட்டிக்குள் தேவிபிரியா!

டமார்!

தலைக்கு மேல் இரும்பு மூடி விழுந்தது. தேவிபிரியாவின் உலகம் ஒரே நொடியில் இருண்டது.

"சார்...! விஜயபாண்டி சார்! விளையாடாதீங்க! மூடியத் தெறங்க!"



சரக்கென்று தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். பிறகு காலடிகள். பிறகு கார் கிளம்பும் உறுமல்.

பிறகு... ஒன்றுமே இல்லை.

காலை பதினொன்றரை மணி. பந்தல்குடியைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கு நடுவே இருபது வருஷமாய் மூடிக் கிடக்கும், பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கும் ஜின்னிங் மில். அதன் பின்பக்கத்தில், தரைக்கு அடியில், பன்னிரண்டு அடி ஆழத் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் வற்றிப் பல காலமாகிறது. இப்போது அதற்குள் தேவிபிரியா மட்டும்.

யார் இந்தத் தேவிபிரியா?

முப்பத்து நாலு வயது. பாளையம்பட்டியில் இ-சேவை மையம் நடத்துகிறாள். வேலை நேரத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். மற்ற நேரத்தில் பேய்க் கதை!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து எழுத்தாளர்கள் ஏழு பேர் எழுதிய திகில் தொகுப்பு போன தை மாதம் வெளிவந்தது. ஆறு கதைகளை யாரும் சீண்டவில்லை. ஏழாவது தேவிபிரியாவுடையது. 'தொட்டிக்காரி'. தொகுப்பை வெளியிட்ட விஜயபாண்டி அதைத் தன் குரலில் படித்து யூட்யூபில் ஏற்றினார். டீக்கடை, மினி பஸ், தறிக்கூடம்... எங்கே போனாலும் தொட்டிக்காரிதான்!

கதை நடப்பது இதே மில்லில். இதே தொட்டியில். மூடிக்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் 'காப்பாத்துங்க... மூடியத் தெறங்க...' என்று கூப்பிடும். திறந்தவன் வீடு திரும்ப மாட்டான்!

அன்றிலிருந்து இந்தப் பக்கம் விறகு வெட்டக்கூட ஆள் வருவதில்லை.

இன்று அவளை அழைத்து வந்தது விஜயபாண்டிதான்.

"ஒரே ஒரு வீடியோம்மா! எழுதுனவுகளே கதை நடந்த எடத்துல நின்னு பேசுனா சும்மா பிச்சுக்கும்!" என்றார். மூங்கில் ஏணி வைத்தார். "உங்க போன்ல கேமரா நல்லா இருக்கு, குடுங்க. கீழ எறங்கி அண்ணாந்து பாருங்க..."

இறங்கினாள். அண்ணாந்து பார்த்தாள்.

ஏணி மேலே போனது. மூடி கீழே வந்தது!

'ஏன்? எனக்கும் இந்த ஆளுக்கும் என்ன பகை?'

மூடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியே ஒரு விரற்கடை வெயில். அவ்வளவுதான் வெளிச்சம். அவ்வளவுதான் காற்று. சுடிதார் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியது. நாக்கு வறண்டது.

"சௌடேஸ்வரி அம்மா... யாரையாவது அனுப்பு!"

அம்மன் அனுப்பினாள்!

பைக் சத்தம். மிக அருகில். இரண்டு ஆண் குரல்கள்.

அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"காப்பாத்துங்க...! மூடியத் தெறங்க...!"

கத்திய பிறகுதான் உறைத்தது. அவள் எழுதிய வசனம்! ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல்!

"ஏலே... கேட்டியா?"

"கேட்டேன்லே! அவதாம்லே! வண்டிய எடு!"

"அய்யோ, நான் பேய் இல்லண்ணே! அந்தக் கதைய எழுதுனவ!"

"ஆத்தாடி... எழுதுனவளையே முழுங்கிருச்சுடா!"

பைக் பறந்தது.

அந்த ஒரு வசனத்துக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவள், இப்போது அதே மண்டையில் மடேர் மடேர் என்று அடித்துக்கொண்டாள்.

நேரம் நகர்ந்தது. வெயில் புள்ளியும் நகர்ந்தது. மூலையில் கிடந்த பஞ்சு மூட்டைகள் மீது விழுந்தது.

மூட்டைகளை அடுக்கி ஏறினால்...?

ஓடினாள். முதல் மூட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கூடவே ஒரு கை வந்தது.

எலும்புக் கை!

 பேய்க் கதை எழுதுகிறவள் நிஜ எலும்பைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மட்கிய சட்டை. அதன் பையில் பாலித்தீன் உறை. உறைக்குள் ஓர் ஆதார் அட்டை. அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

காளிராஜ். கதவு எண் 2/41.

'இந்த விலாசம்... நான் டைப் அடிச்சது!'

போன மாதம். கணவனால் கைவிடப்பட்டவர் உதவித்தொகைக்கு ஒரு மனு. 'என் கணவர் காளிராஜ் நான்கு வருடங்களுக்கு முன் திருப்பூருக்குப் போனவர் திரும்பவில்லை.' மனுதாரர் பேச்சி. ஆடு மேய்ப்பவள்.

பேச்சியை அவளுக்கு நெடுநாள் பழக்கம். போன வருஷம் ஒருநாள் சர்வர் வேலை செய்யாமல் இரண்டு மணி நேரம் காத்திருந்தபோது, பேச்சிதான் பேச்சுவாக்கில் சொன்னாள். 'மில்லுத் தொட்டியில ஒருத்தி கெடந்து கூப்புடுறாளாம் தாயி. யாரும் அங்கிட்டுப் போறதில்ல...'

தேவிபிரியாவின் கதைக்கு விதை அதுதான்!

வெளியே ஆட்டுக்குட்டி கத்தியது.

கிழிந்த செருப்பின் காலடி. மூடிக்கு மேல் வந்து நின்றது. ஓட்டையை ஒரு முகம் மறைத்தது.

"உள்ள யாரு?"

பேச்சியின் குரல்!

"நான்... நான்தான்க்கா. இ-சேவை தேவிபிரியா."

"பைக்கில போன பயலுக சொன்னானுக. எப்பிடி உள்ள போனீக?"

"விஜயபாண்டி சார் அடைச்சுட்டுப் போயிட்டாருக்கா. மூடியத் தெறங்கக்கா."

மூடி அசையவில்லை.

"உள்ள இருட்டா இருக்கா தாயி?"

'மூடியத் தெறக்காம இருட்டை விசாரிக்கிறா... இந்த எலும்பு இவளுக்குத் தெரியும்!'

"கும்மிருட்டுக்கா. ஒன்னுமே தெரியல."

"மூலையில பஞ்சு மூட்டை கெடக்குமே."

"பூச்சி பொட்டு இருக்கும்னு... நின்ன எடத்த விட்டு நகரவே இல்லக்கா."

பேச்சி முகத்தை விலக்கினாள். வெயில் மறுபடி உள்ளே பாய்ந்தது. நேராக... தேவிபிரியாவின் கையிலிருந்த அட்டை மேல்!

அது பளபளத்தது.

"கையில என்னத்த வச்சிருக்கீக?"

இனி பொய்க்கு இடமில்லை.

"அக்கா... நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!"

பேச்சி மூடியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரல் தணிந்தது.

"குடிச்சுப்புட்டு அடிப்பாரு. தெருவே பாக்க அடிப்பாரு. அன்னைக்கு ஆட்டத் தேடிக்கிட்டு இங்கன வந்தோம். மகள அடிக்க கட்டைய ஓங்குனாரு. தள்ளிட்டேன். தொட்டி தெறந்து கெடந்துச்சு."

"அப்ப... உள்ள விழுந்தப்ப உசுரு...?"

"இருந்துச்சு. பயத்துல மூடியப் போட்டுட்டேன். ரெண்டு நாளு கூப்புட்டாரு. காப்பாத்துங்க, மூடியத் தெறங்கன்னு... தொண்டை கட்டுன அந்தக் கொரலைக் கேட்ட ஆளுக கிட்டத்தேன் பொம்பளப் பேயின்னு சொல்லிவச்சேன். நீங்க அத அப்புடியே எழுதிட்டீக."

தேவிபிரியா ஆதார் அட்டையை எலும்பின் பக்கத்தில் வைத்தாள்.

"எம்மக இப்பத்தேன் நர்சிங் சேந்திருக்கா. நான் உள்ள போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"சத்தியமா வாய் தெறக்க மாட்டேன்க்கா!"

"கதை எழுதுறவுக... சொல்லாம இருப்பீகளா தாயி?"

மேலே பாட்டில் மூடியைத் திருகும் சத்தம்.

"கைய நீட்டுங்க."

ஓட்டை வழியே மெல்லிய தண்ணீர்த்தாரை இறங்கியது. வெயிலில் கொதித்த பாட்டில் தண்ணீர். தேவிபிரியா இரண்டு கைகளிலும் ஏந்தி ஏந்திக் குடித்தாள். அழுதுகொண்டே குடித்தாள்.

பிறகு ஓட்டை அடைபட்டது. பேச்சி நகர்ந்து மூடியின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள்!

முழு இருட்டு. நிமிஷங்களா, மணிகளா... தெரியவில்லை. காற்று கெட்டியானது. 'கொல்லவும் மனசில்ல, விடவும் மனசில்ல... இப்படியே உக்காந்தே என்னை முடிச்சிருவாளோ?'

அப்போது... கார்!

"வணக்கம் நண்பர்களே!"

விஜயபாண்டியின் வெண்கலக் குரல்!

"நேரலையில நாலாயிரம் பேரு இருக்கீங்க! நம்ம எழுத்தாளர் தேவிபிரியாவ காலையிலருந்து காணோம்! தொட்டிக்காரி தூக்கிட்டாளா? உயிரப் பணயம் வச்சு நான் மூடியத் தெறக்கப் போறேன்... ஏக்கா, யாரு நீங்க? எந்திரிங்க!"

"உள்ள பேயி இருக்கு. போயிருங்க."

"அது தெரியும்க்கா. கொஞ்சம் தள்ளுங்க, நான் காப்பாத்தணும்."

"கிட்ட வந்தீக, இழுத்துப்புடுவேன்!"

தழை இழுக்கும் தொரட்டியை அவள் ஓங்கியிருக்க வேண்டும். அவர் பின்னால் பாயும் சத்தம் கேட்டது. அடுத்த விநாடி விஜயபாண்டி நிதானம் இழந்தார்.

"பேயும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா! நான்தான் காலையில உள்ள வச்சுப் பூட்டுனேன்! வீடியோ ஓடணும்னு! எந்திரிங்க, அந்தப் பொண்ணு மூச்சு முட்டிச் செத்துத் தொலைஞ்சா நான் கம்பி எண்ணணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் கையிலிருந்த போனைப் பார்த்தார் போலும்.

"அய்யய்யோ... லைவு!"

தேவிபிரியா மிச்சமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"நாலாயிரம் பேரும் கேட்டுக்குங்க! உள்ள ஒரு ஆளோட எலும்பு கெடக்கு! போலீஸுக்குச் சொல்லுங்க!"



"அத்தன பேரும் கேட்டுட்டாகளா?" பேச்சியின் குரல்.

"கே... கேட்டுட்டாங்கக்கா," என்று திக்கினார் விஜயபாண்டி.

"அப்ப இனிமே மூடி என்னத்துக்கு?"

சரக்!

தாழ்ப்பாளை இழுத்தது பேச்சியின் கைதான். வெளிச்சம் அருவியாய்க் கொட்டியது. ஏணியை இறக்கியதும் அவள்தான்.

இருபது நிமிஷத்தில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இன்பராணி நேரலையை ஸ்டேஷனிலேயே பார்த்திருந்தாள்.

பேச்சி ஓடவில்லை. ஆடுகளை ஒரு மரத்தடியில் ஒதுக்கிவிட்டு, தானாகவே ஜீப்பில் ஏறினாள். ஏறியவள் திரும்பினாள்.

"தாயி... அந்த உதவித்தொகை மனு. கைவிடப்பட்டவன்னு போட்டத விதவைன்னு மாத்திருங்க."

தேவிபிரியாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"மேடம்... எனக்குத் தண்ணி குடுத்தாங்க. மூடியத் தெறந்ததும் அவங்கதான். அதையும் எழுதிக்குங்க."

இன்பராணி தலையசைத்தாள். பிறகு காருக்குள் நைசாக ஏறப் பார்த்த விஜயபாண்டியின் காலரைப் பிடித்தாள்.

"மேடம், மேடம்! நான் கௌரவமான பதிப்பாளர்! இப்பவே ரெண்டு லட்சம் பேரு பாத்துட்டாங்க... ரெண்டாம் பதிப்பு போடணும், என்னை விடுங்க!"

"அது மெதுவா வரட்டும் சார்," என்று ஜீப்பின் கதவைத் திறந்தாள் இன்பராணி. "மொதல்ல நாங்க ஒன்னு பதியிறோம். பேரு எஃப்.ஐ.ஆர்... கதாநாயகன் நீங்கதான்!"