ஐந்தாவது நரம்பு

தொட்டிலுக்கு மேலே கொக்கியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்து வெகுநேரம் ஆகியும் அந்தத் துணிப் பறவை வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி மின்விசிறியைப் பார்த்தாள். ஓடவில்லை. மழைக்காக ஜன்னல் இரண்டையும் அவளே சாத்தியிருந்தாள். கண்ணாடியில் தண்ணீர் வழிவதும், தொட்டிலில் தூங்கும் சிட்டு மூச்சை இழுத்து விடுவதும் தவிர அறையில் அசைவே இல்லை. ஆனாலும் பறவைகள் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், ஒரே திசையில் வட்டம் போட்டன.

பூத்தையல் போடும் மர வளையம் ஒன்று, அவள் வேலை செய்யும் திரைச்சீலைக் கடையில் மிஞ்சிய துணி, பஞ்சு, கண்ணாடி மணிகள், ஒரு சுருள் தூண்டில் நரம்பு. இவ்வளவுதான் செலவு. வளையத்தில் ஐந்து நரம்புகள் தொங்கின. ஐந்தாவதில் மட்டும் இன்னும் பறவை இல்லை. வெட்டி வைத்திருந்தாள், பஞ்சு அடைக்கவில்லை. அதனால் வளையம் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாக நின்றது.

நாலு மணிக்குப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். உடனே கூப்பிட்டான்.

"பறவைன்னு நீ சொன்னதால நம்பறேன். எனக்கு நாலு செருப்பு தொங்கற மாதிரி இருக்கு."

"உன் மருமகளுக்குப் பிடிச்சா போதும், போ."

"சரி சரி. கடைசி நடை ரொட்டியை இறக்கிட்டு ஆறு மணிக்கு வந்துடறேன். கதவுக்குச் சங்கிலி போட்டியா?"

"போட்டிருக்கேன் அண்ணா."

இந்த வீட்டுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது. மூன்றாவது மாடி, இரண்டே அறை. முகவரி தெரிந்தவன் அண்ணன் ஒருவன். இன்னொரு சாவி இருப்பதும் அவனிடம்தான். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தன் புருஷனிடமிருந்து இரண்டு மாதம் முன்பு அவள் தப்பி வந்தபோது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. எலும்பு கூடிவிட்டது. மழை வந்தால் மட்டும் இன்னும் உள்ளே குடைகிறது.

காற்று எங்கிருந்தோ வருகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அவள் அறைக்கு வெளியே வந்து பார்த்தாள். குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே மேலே இருந்த சின்னத் திறப்பு வழியாக ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதற்குப் போய் நெஞ்சு அடித்துக்கொண்டதே.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் உறைத்தது. சிட்டு தவழ ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கதவை அவள் திறந்து போட்டதே இல்லை.

தரையில் ஈரக் கால்தடங்கள். அவளுடையவையாகத்தான் இருக்கும். ஐந்து மணிக்கு மழை பிடித்ததும் சிட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளி வந்திருந்தாள். போகும்போது கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனாள். வந்ததும் முதல் வேலையாகச் சங்கிலியைப் போட்டாள். நன்றாக நினைவிருக்கிறது.

ஆனால் நடுவில் ஐந்து நிமிஷம் வீட்டில் யாரும் இல்லை.

அப்போதுதான் அந்த வாசனை அடித்தது. லேசாக, மூக்கின் நுனியைச் சுடுகிற மாதிரி. பெயிண்டில் கலக்கும் தின்னர். படுக்கையறையில் இருக்கும் புது அலமாரியின் பாலிஷாக இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அலமாரி வாங்கி எட்டு நாள் ஆகிறது, இன்றுவரை அதில் எந்த வாசனையும் வந்ததில்லை என்பதையும் அதே மூச்சில் நினைத்தாள்.

முன்னறைக்குப் போய் வாசல் கதவைப் பார்த்தாள். சங்கிலி மாட்டியபடியே இருந்தது. இழுத்துப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது. யாரும் உள்ளே வர முடியாது. நெற்றியைக் கதவில் சாய்த்து மூச்சு விட்டாள். யாரும் உள்ளே வர முடியாது. உள்ளே வந்தவர் வெளியே போயிருக்கவும் முடியாது.

படுக்கையறைக்குத் திரும்பி வந்தாள்.

வளையம் சுற்றவில்லை. சாயவும் இல்லை. தராசு மாதிரி நேராக நின்றது.

ஐந்தாவது நரம்பில் ஒரு சாவி தொங்கியது.

சிவப்புப் பிளாஸ்டிக் வளையத்தில் கோத்த சாவி. வீடு மாறிய அன்று அவளே அண்ணன் கையில் கொடுத்தது. அதன் நுனியில் ஒரு துளி திரண்டு, நீண்டு, சிட்டுவின் போர்வையில் விழுந்தது. அது மழைத் தண்ணீர் இல்லை.

கத்தக் கூடாது. சிட்டு எழுந்துவிடுவாள். பறவைகளை வெட்டிய பெரிய கத்தரிக்கோல் நாற்காலியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையால் போனை எடுத்தாள். அண்ணன் எண். அழுத்தினாள்.

அலமாரிக்குள் மணி அடித்தது.

ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது அடிக்கும்போது அலமாரிக் கதவு மெதுவாகத் திறந்தது.

உள்ளே அவள் புருஷன். அண்ணனுடைய மழைக்கோட்டைப் போட்டிருந்தான். மார்பிலிருந்து வயிறுவரை அது சிவப்பாக இருந்தது. ஒரு கையில் போன். இன்னொரு கையில் மீதித் தூண்டில் நரம்பு, இரண்டு சுற்று சுற்றி.

"கோணலா தொங்கிச்சுடி," என்றான். குரல் தணிந்து, வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது. "நான்தான் சரி பண்ணேன்."

"அண்ணன் எங்க?"

"கீழ இருக்கான். வண்டியில."

அவள் தொட்டிலை நோக்கிப் பாய்ந்தாள். அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். நரம்பு கழுத்தைச் சுற்றி விழுந்தது. கடைசி நொடியில் இடது கைவிரல்களை உள்ளே நுழைத்துவிட்டாள். அவன் இறுக்கினான். நரம்பு தோலை அறுத்தது, சதையை அறுத்தது, எலும்பில் போய் நின்றது. சத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை. தலைக்கு மேல் பறவைகள் இரண்டாகத் தெரிந்தன, நான்காகத் தெரிந்தன, கறுத்தன.

வலது கையில் கத்தரிக்கோல்.

பின்னால் குத்தினாள். தொடை. பிடுங்கிக் குத்தினாள். மறுபடி. மூன்றாவது குத்தில் கத்தரிக்கோல் ஆழமாக இறங்கி மாட்டிக்கொண்டது. அவன் முனகி முழங்காலில் விழுந்தான். விழும்போது வளையத்தைப் பிடித்தான், கொக்கியோடு பிய்ந்து வந்தது. கண்ணாடி மணிகள் தரையெங்கும் தெறித்து ஓடின.

சிட்டு வீறிட்டாள்.

அள்ளினாள். ஓடினாள். சங்கிலி. விரல்கள் வழுக்கின. நடுவிரல் அசையவே இல்லை. பின்னால் தரையில் எதையோ இழுப்பது போன்ற சத்தம். இழுப்பு. நிறுத்தம். இழுப்பு. சங்கிலி வரவில்லை. பல்லால் கவ்வி இழுத்தாள். கழன்றது.

படிகள். மூன்று மாடி. கழுத்திலிருந்து வழிந்தது சட்டைக்குள் சூடாக இறங்கியது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. நிற்கவில்லை.

மழையில் ரொட்டி வண்டி நின்றது. கட்டட வாசலிலேயே. முன்விளக்கு எரிந்தது, எஞ்சின் ஓடியது, துடைப்பான் இடமும் வலமும் போய் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து. பெல்ட் போட்டுக்கொண்டு.

அவளுக்கு அழுகை பொங்கியது. அண்ணன் உயிரோடுதான் இருக்கிறான். அந்தப் பாவி பயமுறுத்தப் பார்த்திருக்கிறான். பக்கத்துக் கதவைத் திறந்து, குழந்தையோடு உள்ளே விழுந்தாள்.

"அண்ணா, வண்டிய எடு. எடு அண்ணா. வந்துட்டிருக்கான்."

உள்ளே சூடான ரொட்டி வாசனை. அதோடு இன்னொன்று.

அவள் திரும்பிப் பார்த்தாள். கழுத்து ஒரு காதிலிருந்து மறு காதுவரை திறந்திருந்தது. பெல்ட்தான் அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தது. எஞ்சின் நடுக்கத்துக்கு அவன் தலை மெல்ல மெல்ல ஆடியது, அவள் சொல்வதற்கெல்லாம் சரி, சரி என்பதுபோல.

படிக்கட்டில் இழுப்புச் சத்தம் கடைசிப் படியை எட்டி நின்றது.

சிட்டு அழுகையை நிறுத்தினாள். மாமனைப் பார்த்து, ஈறு தெரியச் சிரித்து, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள்.