பூச்சியச் சோடி

காலை ஷிப்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் வேலை, கைப்பிடியில் பதித்திருக்கும் தகட்டின் மேல் கட்டைவிரலை வைப்பது. பக்கத்து நாற்காலியில் தவசிமுத்துவும் அதையே செய்வார். எங்கள் நடுவே மேசையில் இருக்கும் சின்ன விளக்கு சற்று யோசித்துவிட்டு வெள்ளையாக எரியும். திரையில் பூச்சியம் என்று வரும். அதற்குப் பிறகுதான் கடல்சுவரின் மதகுகள் எங்கள் பேச்சைக் கேட்கும். தவசி பிளாஸ்கைத் திறந்து சுக்குக்காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றுவார். தூத்துக்குடி கடலுக்கு அடியில் போகாமல் இன்னொரு நாள் தொடங்கும்.

விளக்கு பச்சையாக எரிந்தால் வேலை நடக்காது, வீட்டுக்கும் உடனே செய்தி போய்விடும். இருவரில் ஒருவர் அன்றைக்கே வேறு பிரிவுக்குப் போக வேண்டும். ஈர்ப்புமானி என்று அதற்குப் பெயர். நாடி துள்ளுகிறதா, கண்மணி விரிகிறதா, உள்ளங்கை வியர்க்கிறதா என்று ஷிப்டு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருவர் மேல் ஒருவருக்கு ஈர்ப்பே இல்லை என்று நிரூபணமானவர்களைத்தான் எந்த அலுவலகத்திலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். அவர்களுக்குப் பூச்சியச் சோடி என்று பெயர்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது சுலபம். நான் சொல்ல மாட்டேன். எந்த ஷிப்டாக இருந்தாலும் பெண்கள் பயமில்லாமல் வேலைக்குப் போய் வருவது இதனால்தான். பூச்சியம் உறுதியான நாளில் இரண்டு வீட்டுக்கும் லட்டு கொடுப்பது வழக்கம். என் லட்டைத் தின்றுவிட்டுத் தவசியின் அக்கா, "சுத்தமான பூச்சியம்மா நீ" என்று என் கன்னத்தைத் தடவினாள். நானும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கடலைத் தடுப்பது வயிற்றுப்பாட்டுக்கு. மீதி நேரத்தில் நான் காதல் நாவல் எழுதுகிறவள். ஜெசிந்தா என்ற பெயரைப் பார்த்தாலே வாங்குகிற வாசகிகள் உண்டு. எங்கள் காலத்துக் காதல் கதைக்கு ஒரே அச்சுத்தான். முதல் அத்தியாயத்தில் ரயில் நிலையத்திலோ கல்யாண மண்டபத்திலோ பச்சை விளக்கு எரியும். மிச்சமெல்லாம் அதற்கு வருகிற இடைஞ்சல்கள். நானே பச்சை விளக்கில் கல்யாணம் செய்துகொண்டவள்தான். மண்டபமே பச்சையாகிற அளவுக்கு எரிந்தது. எரிந்து முடிந்ததும் அந்த மனிதருக்கும் எனக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. பிரிந்தபோது இருவருமே அழவில்லை.

அதனால்தான் போன மழைக்காலத்தில் ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த நாவலில் விளக்கே எரியக்கூடாது. ஒரு பூச்சியச் சோடி, ஒரே அறையில் வருடக்கணக்கில் வேலை பார்த்து, மெல்ல மெல்லக் காதலிக்க வேண்டும். சென்னையிலிருந்து என் பதிப்பாசிரியர் லோசனி போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"மேடம், பூச்சியம்னாலே இல்லைன்னுதானே அர்த்தம்? படிக்கிறவங்க இத அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

"சரி, எந்த அத்தியாயத்துல காதல் வருது? அதையாவது சொல்லுங்க."

அதுதான் எனக்கும் தெரியவில்லை. தெரியாதென்று சொன்னால் முன்பணம் கொடுத்தவள் பயந்துவிடுவாள். "வரும், வரும்" என்று வைத்துவிட்டேன்.

கதையை மூன்று விதமாகக் கட்டிப் பார்த்தேன். முதலில் இருவரையும் எலியும் பூனையுமாகச் சண்டைபோட வைத்தேன். சண்டையில் நாடி துள்ளியது, விளக்கு பச்சையாகிவிட்டது. அடுத்து லிப்டில் மாட்டவைத்தேன். அதுவும் பச்சை. பிறகு கதாநாயகிக்குக் காய்ச்சலை வரவழைத்து அவனை ரசம் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். ரசம் வாசலுக்கு வரும் முன்பே பச்சை. இத்தனை நாள் நான் கற்ற வித்தையெல்லாம் இதயத்தைத் துள்ளவைக்கிற வித்தைதான். துள்ளாத இதயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் பிடித்த பிடியை விடுகிற ஜாதி இல்லை நான்.

சாதாரண வேலையிலிருந்தே கதை வர வேண்டும் என்று மூன்றையும் கிழித்துப் போட்டேன். கதையின் களமும் கடல்சுவர்தான். வேலை நுட்பம் தப்பாகிவிடக் கூடாதென்று எழுதியதையெல்லாம் தவசியிடம் காட்டுவேன். அவர் வால்வு பழுதுபார்க்கும் கையேட்டைப் படிக்கிற மாதிரி என் காதல் வசனத்தையும் படிப்பார்.

"பம்பு சரியா இருக்கு மேடம். ஆனா, மதகு திறக்கையில இவுங்க ரெண்டு பேரும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுதாங்களே, எதுக்கு?"

"எண்ணாம எப்படித் திறக்கும்? ரெண்டு பொத்தானையும் ஒரே நேரத்துல அழுத்தணும்ல?"

"நாம எண்ணுறதில்லையே" என்றார் தவசி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதகு திறக்க இரண்டு பேரும் ஒரே கணத்தில் அழுத்த வேண்டும் என்பது இந்த வேலையின் விதி. ஒருவர் தூக்கக்கலக்கத்தில் அழுத்திவிட்டாலும் ஊர் தப்பிக்க வேண்டுமல்லவா. எல்லாச் சோடியும் சத்தமாக எண்ணித்தான் அழுத்துவார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். எப்போது நிறுத்தினோம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் முதுகை நிமிர்த்துவார், நான் அழுத்துவேன், மதகு திறக்கும். அன்று அந்த வரியை மட்டும் மாற்றி எழுதினேன். அது ஏன் அவ்வளவு நன்றாக இருக்கிறதென்று மட்டும் பிடிபடவில்லை.

தவசிக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு, விளக்கெரியாதவர் என்று. வாலிப வயதில் எத்தனையோ பெண்களோடு அவரை உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறைகூடப் பச்சை வரவில்லையாம். நெஞ்சு மரத்துப்போன பிறவி என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவரும் அதைக் காது கேளாத மனிதன் தன் காதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார். எந்த அலுவலகத்திலும் யாருடனும் உட்காரவைக்கலாம் என்பதால் அதிகாரிகளுக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

தை மாதத்தில் தவசி அக்காவின் கண் அறுவைக்காக விடுப்பில் போனார். அவர் இடத்துக்குப் பாலசிங் வந்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், தங்கமான பையன், எங்களுக்குள் சுத்தமான பூச்சியம். கடலின் ஓதம் வடியத் தொடங்கியதும், ஊருக்குள் தேங்கிய தண்ணீரை வெளியே விட மதகு திறக்க உட்கார்ந்தோம். அவன் நிமிர்ந்தான், நான் அழுத்திவிட்டேன். அவனோ அப்போதுதான் "ஒண்ணு" என்றான். மதகு பாதியில் இறுகி நின்றது. அபாயமணி அலறியது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். தவசி இல்லை. அவர் இல்லை என்பது அந்த ஒரு கணத்தில்தான் எனக்கு உறைத்தது. நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது, உள்ளங்கை நனைந்தது. எங்கள் நடுவே விளக்கு பளிச்சென்று பச்சையாக எரிந்தது.

"ஐயோ மேடம்!" என்று பாலசிங் நாற்காலியிலிருந்து குதித்தான். "எம் பொண்டாட்டி போனுக்கு மெசேஜ் போயிருக்குமே! நான் ஒண்ணுமே பண்ணலையே! நீங்களே அவட்ட சொல்லுங்க மேடம்!"

முதலில் மதகைக் கையால் இறக்கினோம். பிறகு அவன் மனைவிக்குப் போன் போட்டேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் அவன் மாமியாரே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். பொறியாளர் வந்து, சென்சாரில் உப்பு படிந்திருக்கிறது என்று துடைத்து மாட்டினார். துடைத்த பிறகும் தினம் பச்சைதான். ஆளை மாற்றி ஆளை உட்கார வைத்தார்கள். கடைசியில் யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள்.

தவசி திரும்பி வந்தார். உட்கார்ந்தார். கட்டைவிரலை வைத்தார். காப்பியை ஊற்றும் சத்தம் கேட்டதும் என் நெஞ்சு, அழுது முடித்த குழந்தை மாதிரி அடங்கியது. விளக்கு வெள்ளை. திரையில் பூச்சியம்.

எனக்கு விளங்கிவிட்டது. துள்ளுவதைத்தான் அந்த மானி அளக்கிறது. அடங்குவதை அளக்க அதற்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும், விளக்கு எரியவில்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று நம்பிப் பழகிவிட்டோம். வருடக்கணக்காக இந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, இவரால் நிம்மதியாக இருந்து, அந்த நிம்மதிக்குப் பூச்சியம் என்று பெயர் வைத்து லட்டும் தின்றிருக்கிறேன். எனக்கு இவரைப் பிடித்திருந்தது. இவர் இல்லாத நாட்களில் எனக்கு உயிரே ஒட்டவில்லை.

அதற்குப் பிறகு நாவல் தண்ணீர் திறந்த மாதிரி வந்தது. காதல் எந்த அத்தியாயத்தில் வருகிறது என்ற கேள்வியே தப்பு. அது எந்த அத்தியாயத்திலும் வருவதில்லை. இருந்துகொண்டே இருக்கிறது, கடைசியில் யாரோ ஒருவர் கவனிக்கிறார். மெதுவாகப் போகும் கதைக்கு இடைஞ்சல் வேண்டியதில்லை, இரண்டு பேருக்கும் வேலை இருந்தால் போதும். பாதிக் கதையில் அவர்கள் எண்ணுவதை நிறுத்துகிறார்கள். அதை நான் வாசகரிடம் சொல்லவே இல்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லோசனி படித்துவிட்டுப் போன் செய்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"மேடம், நான் ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பாக்கவே பயப்படுறேன். அருமையா இருக்கு. ஆனா ஒண்ணு, இத வெளியிட்டா ஈர்ப்புமானித் துறைக்காரங்க சும்மா இருப்பாங்களா? அமைதியையும் அளக்க மானியைத் திருத்துவாங்க. கதாசிரியருக்கு இது எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டு முதல்ல உங்களையும் அவரையும்தான் உட்கார வெப்பாங்க. உங்க சோடியைப் பிரிச்சிடுவாங்க."

"தெரியும்."

"வேணும்னா கதையை ஒரு பாங்க்குக்கு மாத்திடுங்களேன். பேரையும் மாத்தி..."

மாற்றிப் பார்த்தேன். பாங்கில் மதகு இல்லை. கதை செத்துவிட்டது. புத்தகத்தை மேசைக்குள் பூட்டிவைத்தால் பக்கத்து நாற்காலியில் தவசி ஓய்வுபெறும் வரை இருப்பார், தினம் காப்பி கிடைக்கும். ஆனால் அவர் தன்னை நெஞ்சு மரத்தவர் என்று நினைத்துக்கொண்டே ஓய்வு பெறுவார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எதை இழக்கிறேன் என்று நன்றாகத் தெரிந்துதான் முடிவு செய்தேன். இருந்தாலும் அவரிடம் கேட்காமல் அனுப்புவது நியாயமில்லை.

மத்தியானம் ஓதம் வடிந்து வேலை ஓய்ந்த நேரத்தில் கடைசி அத்தியாயத்தை அவரிடம் கொடுத்தேன். வழக்கம்போல் வரிவரியாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். டம்ளரில் காப்பி ஆறிப்போனது.

"பம்பு சரியா இருக்கா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பம்பெல்லாம் சரிதான்." ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "மேடம், இதுல அந்த ஆளுக்கு விளக்கு எரியாதது, நெஞ்சு மரத்துப்போனதால இல்லியே?"

"இல்ல. அவனுக்குள்ள எல்லாம் மெதுவா நடக்குது. அவ்வளவுதான்."

"சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் என்னைப் பாவம்னு சொல்லுதாங்க. நானும் சரி, நமக்கு அந்த உறுப்பு இல்ல போலன்னு விட்டுட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. "அப்ப எனக்கு ஒரு குறையும் இல்லியா மேடம்?"

"ஒரு குறையும் இல்ல."

இதைச் சொன்னதும் மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் தலைமுறையில் இதை வாயால் சொன்னவர்கள் யாருமில்லை. விளக்குதான் சொல்லும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஊர் ஊராகக் காதல் கதை விற்றவளின் நிலைமை இது.

"தவசி சார், அந்தக் கதையில வர்ற பொம்பளை நான்தான். நீங்க பக்கத்துல இருந்தா என் மனசு அடங்கி இருக்கு. எனக்கு உங்களைப் பிடிக்கும். இது என் பக்கம். உங்க பக்கம் என்னன்னு எனக்குத் தெரியாது. அந்த விளக்கும் சொல்லாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பதில் தெரியாமல் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாவல் முழுக்க எழுதியிருந்தேன். அதில் பாதிகூட உண்மையில்லை என்று அப்போது தெரிந்தது. நான் எழுதியதைவிட அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"இத அனுப்புனா என்னை வேம்பார் மதகுக்குத் தூக்கிருவாங்க" என்றார் கடைசியில்.

"உங்களை இல்லைன்னா என்னை."

"நீங்க இங்கனயே இருங்க. நான் போறேன். அங்கன எவன்கூடயாவது ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிடுதேன்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அனுப்புங்க. என்னை மாதிரி ஊருக்குள்ள எத்தனை பேரு பாவமாத் திரியுதாங்களோ."

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்லியே."

"பதில்தான் சொல்லுதேன். பக்கத்து நாற்காலி போயிரும்னு தெரிஞ்சுதான் அனுப்பச் சொல்லுதேன்." முதல் முறையாக மேடம் என்கிற சொல் இல்லாமல் என்னைப் பார்த்தார். "இத்தனை வருசமா ஷிப்டு இருந்தாத்தான் உங்களைப் பாக்க முடியும்னு இருந்துட்டேன். ஞாயித்துக்கிழமை, வேலை வெட்டி ஒண்ணும் இல்லாம, சும்மா உங்களைப் பாக்கதுக்குன்னே வாரேன். வரலாமா?"

"வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாவலை லோசனிக்கு அனுப்பினேன்.