சுவரைப் பார்த்துக் கூப்பிட்ட பெயர்

காலிக் கோர்ட்டுக்குள் யாரோ பெயர் கூப்பிடுவது சகாயராஜுக்குக் கேட்டது. கத்திக் கூப்பிடவில்லை, பக்கத்தில் தூங்குபவர் விழித்துவிடக் கூடாதே என்று அடக்கிய குரல். ஐப்பசி மழையில் சாயங்காலம் நாலு மணிக்கே வராந்தா இருண்டு கிடந்தது. ஈரச் சுண்ணாம்பும் வௌவால் புழுக்கையும் பழைய வழக்குக் கட்டுகளின் பூச்சி மருந்தும் கலந்த வாடை மூக்கில் ஏறிற்று.

"கேட்டுச்சா மேடம்?"

"என்னது அண்ணே?" வக்கீல் பிரின்ஸி நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். முன்சீப் கோர்ட் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. நூற்றிருபது வருஷப் பழைய கட்டடத்தின் வரலாற்றை திறப்பு விழா மலருக்கு எழுத வந்திருந்தாள். வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலியாக முப்பது வருஷம் இருந்த சகாயராஜை விட்டால் வேறு யாரைக் கேட்பது? அவரும் சளைக்கவில்லை. தேக்கு உத்தரம் பர்மாவிலிருந்து வந்ததையும், புயலடித்த வருஷம் ஊரே இங்கே ஒதுங்கியதையும் அளந்துகொண்டிருந்தார்.

"மூணு தரம் கூப்பிடுவீங்களே, அதைப் பத்திச் சொல்லுங்க."

சகாயராஜின் முகம் சுண்டிப்போயிற்று. "வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கூப்பிடணும் மேடம். மூணாவதுக்கும் ஆள் வரலைன்னா, வராமலே தீர்ப்பாயிடும்."

மீதி அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், குத்தகைக்காரி தையல்நாயகி தன் நில வழக்குக்காக வந்து வாசல் குழாயடியில் பன்னிரண்டே அடி தள்ளி நின்றிருந்தாள். நிலத்துக்காரரின் ஆள் முந்தின நாளே வந்து, "கொஞ்சம் மெதுவா கூப்பிடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சகாயராஜின் மகளுக்குக் காலேஜில் இடம் வாங்கிக் கொடுத்தவர் அந்த நிலத்துக்காரர். சகாயராஜும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மூன்று தரம் முணுமுணுத்தார். மத்தியானம் அவள் வந்து, "என் பேரு இன்னும் வரலையா அண்ணே?" என்று கேட்டாள். "கூப்பிட்டேனே, காதுல விழலையா?" என்றார் கூசாமல். மூன்று மா நிலம் போயிற்று. அறுப்புக்கு முன்னால் அவள் வாய்க்காலில் மிதந்தாள். அவள் கேட்ட அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது. வெட்கங்கெட்ட பிழைப்பு.

மறுபடி அந்த அடங்கிய குரல் கேட்டது. தையல்நாயகி.

சுவருக்குள்ளிருந்து. அன்றைக்கு முணுமுணுத்த அவர் குரலேதான்.

இரண்டு ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவும் சுவருக்குள்ளேயே அமுங்கினால் அவளை இரண்டாம் தரம் கொன்றதாகிவிடும். இந்த வக்கீல் பெண் முன்னால் மானம் போகும். போகட்டும். வாசலுக்கு ஓடினார். தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"தையல்நாயகி..."

மழை. மழை மட்டும்.

பிறகு படியில் ஈரக் கால். இன்னொன்று. சேற்று வாடை.

"யாரை அண்ணே கூப்பிடுறீங்க?" பிரின்ஸியின் குரல் எங்கோ கேட்டது.

அவரை உரசிக்கொண்டு தையல்நாயகி உள்ளே போனாள். சேலை சொட்டியது. முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"வந்துட்டேன் அண்ணே. கூப்பிட்டீங்களே, புண்ணியமாப் போவும்."

கூண்டில் ஏறினாள். மேடையில் ஜட்ஜ் நாற்காலி இல்லை. அதனால் அவரைப் பார்த்தே கைகூப்பி, வழக்கைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வாய்க்கால் சேறு வந்தது. மார்பில் வழிந்து, கூண்டின் படியிறங்கி, அவர் கால்வரை வந்தது. அதற்குள்ளேயும் உதடுகள் பொறுமையாக அசைந்துகொண்டிருந்தன.