பக்மாரோவில் சட்டிச் சத்தம்

பத்தூமியில் ஜூலை வந்துவிட்டால் சட்டை உடம்பை விட்டு விலகாது. அன்று காலையும் அப்படித்தான். ஒன்பதாவது மாடி வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தும் ஒரு திரைகூட அசையவில்லை. கீழே கருங்கடல் தகரத் தகடு மாதிரி கிடந்தது.

சியாலா அம்மா படகு வடிவ ரொட்டியை என் பக்கம் தள்ளினார். உருகிய பாலாடைக்கட்டியின் நடுவில் முட்டை மஞ்சள் ததும்பியது.

"சாப்பிடு நெஸ்தான். ஒரு வருஷத்துல பாதியா போயிட்ட. என் பையன் இருந்தா உன்ன இப்படி விட்டிருப்பானா?"

எதிரில் லாஷா தன் ரொட்டியின் மஞ்சளைக் குத்திக் கலக்கிக்கொண்டே இருந்தான். ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை.

"லாஷாண்ணா, அத சாப்பிடப் போறீங்களா, இல்ல வெள்ளையடிக்கப் போறீங்களா?" என்றாள் நாத்தேலா. அவள் சிரித்ததும் நாங்கள் இருவரும் சிரித்தோம். கொஞ்சம் தாமதமாக.

சியாலா அம்மாவின் மகன் தோர்னிக்கே. போன வருஷம் அக்டோபரில் அவனுக்கும் எனக்கும் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். நாத்தேலா அவன் தங்கை. இன்னும் என்னை 'அண்ணி' என்றுதான் கூப்பிடுகிறாள். லாஷா அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் நான்கு பேரும் மூன்று நாள் பத்தூமியில் கடலில் கிடப்போம், பிறகு மூன்று நாள் மலைமேல் பக்மாரோவில் மரவீடு எடுத்துத் தங்குவோம். போன கோடையில் மருத்துவமனைப் பணி இருந்ததால் நாத்தேலா வரவில்லை. மூன்று பேர் மேலே போனோம். இரண்டு பேர் இறங்கினோம்.

தோர்னிக்கே பனிமூட்டத்தில் வழி தவறிப் பள்ளத்தில் விழுந்துவிட்டான். இரண்டாம் நாள்தான் உடல் கிடைத்தது.

"அண்ணன் கடைசியா இருந்த இடத்துல ஒரு ராத்திரி தங்கிட்டு வரணும். நீங்க ரெண்டு பேரும் கூட வரணும்," என்று நாத்தேலா கேட்டபோது மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. சொல்லக்கூடிய காரணம் இல்லை.

கிளம்பும்போது சியாலா அம்மா என் உள்ளங்கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையாலதானே ஒரு மணி நேரம் சட்டியத் தட்டின. ஊரே சொல்லுது. இனி எனக்கு நீயும் மகள்தான்," என்று இரண்டு கைகளிலும் முத்தமிட்டார்.

கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

*

சொக்காத்தவுரி ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வெயில் பின்தங்கியது. லாஷாவின் பழைய ஜீப்பில் ஈர மண்ணும் தேவதாருப் பிசினும் மணத்தன. மூன்று மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். அதே வீடு. மரக்கால்கள்மேல் நிற்கும் பலகை வீடு, ஏழு படிகள், ஒரே அறை. சாவியோடு நின்றிருந்தார் வீட்டுக்காரர் ஒமாரி. ஒரு ஏப்பத்துக்கும் இன்னொரு ஏப்பத்துக்கும் நடுவில் பேசுகிற மனிதர்.

"சட்டி அடுப்பு மேலயே இருக்கு. பனி எறங்கினா தட்டுங்க. வெளிய போனவங்க அந்தச் சத்தத்தப் பிடிச்சுத்தான் வருவாங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றவர், என்னைப் பார்த்துவிட்டுக் காதைக் குடைந்தார். "போன வருஷம் நான் பக்கத்து மேட்டுலதான் மாடு தேடிக்கிட்டிருந்தேன். ஒரு சத்தமும் எனக்குக் கேக்கல. காது போயிடுச்சுன்னு குத்தைசில டாக்டர்கிட்டக்கூடப் போனேன். காது நல்லாத்தான் இருக்குன்னுட்டான். காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும் போல."

"ஆமா," என்றான் லாஷா. "காத்து."

காற்று அடிக்கவில்லை. அன்று ஒரு புல்கூட அசையவில்லை.

நாங்கள் தட்டவில்லை.

தோர்னிக்கே தண்ணீர் கொண்டுவர ஊற்றுக்குப் போயிருந்தான். போய்ச் சிறிது நேரத்தில் பனி இறங்கியது. லாஷாவும் நானும் இந்த அறையில் இருந்தோம். அதற்கு முன் இரண்டு மாதமாகவே நாங்கள் தனியாக இருக்கக் கிடைக்கிற ஐந்து நிமிடங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து தோர்னிக்கேயின் குரல் கேட்டது. "நெஸ்தான்! சத்தம் குடு!" சட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "வந்துடுவான், அவனுக்குத் தெரியாத வழியா," என்று லாஷா என் காதில் சொன்னான். நான் எழுந்திருக்கவில்லை. குரல் மறுபடி கேட்டது. மறுபடியும். மறுபடியும். பிறகு நின்றுவிட்டது. வந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

அதன்பிறகு நானும் லாஷாவும் ஒருவரையொருவர் விரலால்கூடத் தொட்டதில்லை.

*

இந்த முறை நான்கு மணிக்குப் பனி இறங்கியது.

முதலில் எதிர்மேட்டு மரங்கள் போயின. அப்புறம் வேலி. அப்புறம் ஜீப். கடைசியில் படிக்கட்டின் கீழ்ப்படிகள். இருட்டு இல்லை; பால் காய்ச்சிய பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல எங்கும் வெள்ளை. எங்கோ ஒரு மாட்டு மணி இரண்டு தடவை அசைந்து நின்றது.

நாத்தேலா சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எதுக்கு? எல்லாரும் உள்ளதானே இருக்கோம்," என்றான் லாஷா.

"நீங்க தட்டின மாதிரி நானும் கொஞ்ச நேரம் தட்டணும்ணா. அவனுக்காக."

தட்டத் தொடங்கினாள். அலுமினியச் சத்தம் பனிக்குள் போய்க் கரைந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். என் பல் கூசியது.

பனிக்குள்ளிருந்து யாரோ "ஹோய்!" என்றார்கள்.

நாத்தேலாவின் முகம் மலர்ந்தது. "பாவம், யாரோ வழி தெரியாம நிக்கறாங்க!" இன்னும் ஓங்கித் தட்டினாள்.

சரளைக் கல்லில் காலடி கேட்டது. அவசரமில்லாத, களைத்த காலடி. ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை. ஈரக் கம்பளி வாடை வந்தது. அதோடு வேறொரு வாடையும், பல நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருவது போல.

முதல் படி முனகியது.

இரண்டாவது.

மூன்றாவது.

அங்கேயே நின்றது. படியில் யாரும் இல்லை. பனி மட்டும் அந்த இடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குக் கெட்டியாக இருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்றது குரல். வெளிச்சத்தில் கண் கூசுகிறவன் கேட்பது போல மெதுவாக.

நாத்தேலாவின் கரண்டி காற்றில் நின்றது. "அண்ணா?"

லாஷா பாய்ந்து அவள் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினான்.

சத்தம் நின்றதும் மூன்றாவது படி முனகியது. இரண்டாவது. முதலாவது. காலடி வீட்டைச் சுற்றத் தொடங்கியது. வெளிப் பலகைகளை ஒரு கை தடவிக்கொண்டே போவது கேட்டது. கதவைத் தேடுகிற கை. மூலை திரும்பியது. பின்பக்கம் போனது. பிறகு விலகி விலகி, பள்ளத்துப் பக்கம்.

"சத்தம் குடுங்க!" என்று தூரத்தில் கேட்டது.

"ஏன் நிறுத்தினீங்க?" நாத்தேலா லாஷாவை அறைந்தாள். "படி வரைக்கும் வந்துட்டான்! ஏன் நிறுத்தினீங்க?"

லாஷா கரண்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

நான்தான் சொன்னேன். "இன்னிக்கு மட்டும் இல்ல நாத்தேலா. போன வருஷம் நாங்க தட்டவே இல்ல."

"என்ன?"

"அவன் கூப்பிட்டான். கேட்டுச்சு. தட்டல."

"ஒரு மணி நேரம் தட்டினதா சொன்னீங்களே. அம்மா உங்க கைய…" அவள் குரல் உடைந்தது. "அப்ப இங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

லாஷா தரையைப் பார்த்தான். நாத்தேலா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மூலையில் இருந்த கட்டிலைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணா! நில்லு, நான் வரேன்!" என்று கத்திக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். நான்காவது படியிலேயே அவளைப் பனி விழுங்கிவிட்டது.

பள்ளம் இருநூறு அடி தூரம்கூட இல்லை.

நான் சட்டியை எடுத்தேன்.

"வேண்டாம்." லாஷா என் மணிக்கட்டைப் பிடித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைத் தொட்டான். "தட்டாத நெஸ்தான். தட்டினா அவ மட்டும் வரமாட்டா."

"தெரியும்."

"அவன் மேல வந்துடுவான்! உள்ள வந்துடுவான்!"

"கைய எடு லாஷா."

அவன் கரண்டியைத் தரவில்லை. அடுப்பருகிலிருந்து ஒரு விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து தட்டினேன். விறகின் சிம்பு உள்ளங்கையில் ஏறியது. தட்டினேன். நாத்தேலா, நாத்தேலா என்று கத்தினேன். பதில் இல்லை. லாஷா உள்ளே கதவை இழுத்துத் தாழ் போட்டுக்கொள்வது கேட்டது. நான் வெளியில் இருந்தேன், பனியோடு. சட்டியின் அடி நெளிந்து பள்ளமானது. கட்டை வழுக்கியது, என் ரத்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. போன வருஷம் தட்டியதாக நாங்கள் சொன்ன அந்த ஒரு மணி நேரம் இருக்கும்.

சரளையில் காலடி.

இரண்டு பேரின் காலடி.

ஒன்று ஓடி ஓடி வந்தது. மற்றது ஒரு காலை இழுத்தது.

வெள்ளைக்குள்ளிருந்து நாத்தேலா வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. வலது முழங்கை உடம்பிலிருந்து விலகி, கொஞ்சம் உயர்ந்து இருந்தது, யாரோ பிடித்து நடத்தி வருவது போல. படியருகே வந்ததும் அந்தக் கை தொப்பென்று விழுந்தது. தவழ்ந்தே மேலே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விளிம்புல நின்னேன் அண்ணி," என்று கிசுகிசுத்தாள். "ஒரு கால் காத்துல இருந்துச்சு. பின்னால இருந்து இழுத்துட்டான். சத்தம் வர்ற பக்கமா கூட்டிட்டு வந்தான்."

"பேசினானா?"

"யாரு தட்டறதுன்னு கேட்டான். நெஸ்தான் அண்ணின்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

அவள் செருப்பில்லாத காலை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"'நெஸ்தானா? அவ தட்டமாட்டாளே'ன்னான்."

கீழே, முதல் படிக்கு அப்பால், பனி ஓர் ஆள் உயரத்துக்குக் கெட்டியாக நின்றது. காத்திருந்தது. 'வா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த ஒரு சொல் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் பனி கலைந்தது. வேலி வந்தது, ஜீப் வந்தது, மரங்கள் வந்தன. மாலை வெயில் ஈரப்புல்லில் விழுந்தது. படியடியில் ஒன்றும் இல்லை.

*

மறுநாள் லாஷா எங்களைப் பத்தூமி வரை கொண்டுவந்து விட்டான். வண்டியை விட்டு இறங்கவில்லை. "நீயே சொல்லிடு. என்னால முடியாது," என்றான். நாத்தேலா அவனைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

மத்தியான நேரம். கடற்கரையில் கூட்டம், வறுத்த சோளம் விற்பவன் கூவுவது ஒன்பதாவது மாடி வரை கேட்டது. சமையலறையில், சியாலா அம்மாவின் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் வரை சொன்னேன். அவர் கத்தவில்லை. மேசைமேல் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

"எத்தன தடவ கூப்பிட்டான்?"

"மூணு… நாலு தடவ."

"சரியா சொல்லு."

"நாலு."

தலையசைத்தார். "உன் கைக்கட்டப் பிரிச்சு மருந்து போட்டுக்கோ. அப்புறம் போ. இனி இங்க வராத."

கூடத்தைக் கடந்து நடைவழிக்கு வந்தேன். அப்போது லிப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. எங்கள் மாடியில் நின்றது. கதவு திறந்தது. யாரும் வெளியே வரவில்லை.

மணி அடிக்கவில்லை. ஆனாலும் சியாலா அம்மா எழுந்து வந்தார். என்னைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு வாசற்கதவை அகலத் திறந்தார். வெளியே காலி மாடிப்படி, வெயில், தூசி.

"வாப்பா," என்றார். "இங்கதான். வா."

ஒரு காலடி. அப்புறம் இழுபடும் ஒரு கால். நடைவழி குறுகலானது, இரண்டு பேர் உரசாமல் கடக்க முடியாது. ஈரக் கம்பளியின் குளிர் என் இடது தோளிலிருந்து முழங்கை வரை உரசிக்கொண்டு போனது. நிற்கவில்லை. என் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கூடத்துக்குள் போனது. அங்கே நாத்தேலா விம்மி அழத் தொடங்கினாள்.

சியாலா அம்மா அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. நான் படிகளில் இறங்கி வந்துவிட்டேன்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அன்று நான் போட்டிருந்த சட்டையைக் குத்தைசியில் என் வீட்டு மொட்டைமாடி வெயிலில் போட்டேன், அடுப்பருகே தொங்கவிட்டேன், இஸ்திரிப் பெட்டியால் ஆவி பறக்கத் தேய்த்தேன். மற்ற இடமெல்லாம் மொரமொரவென்று காய்ந்துவிட்டது.

இடது கை மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.