ஐந்து விரல் சோதனை

எங்கள் ஃபகுண்டோ மாமாவின் காரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லிவிட்டால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அறுபது வருடத்துப் பழைய கார். கூரை கிடையாது. தரையோடு தரையாகத் தாழ்ந்து, ஊர்வலத்தில் நகர்ந்து நகர்ந்து போகும். பெயர் பலோமா, அதாவது புறா. பின்பக்கம் ஒரு புறாவை வரைந்தும் வைத்திருக்கிறார். எங்கள் ஊர் எஸ்பனோலாவில் காருக்குப் பெயர் வைக்காதவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்போம்.

அன்று சனிக்கிழமை. என் அக்கா அசாலியாவின் பதினைந்தாவது பிறந்தநாள் விழா. எங்கள் பக்கம் பெண்களுக்கு இது கல்யாணம் மாதிரி. பன்னிரண்டு மணிக்கு மாதா கோயிலில் பூசை. பலோமாவின் பின்னிருக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்து, அக்கா கோயில்வரை ஊர்வலமாகப் போவாள்.

அவளுடைய கவுன் வெள்ளை. அம்மா எட்டு மாதமாகத் தன் கையாலேயே தைத்தது. பாவாடை எவ்வளவு அகலம் தெரியுமா? அதைப் போட்டுக்கொண்டு அக்காவால் குளியலறைக் கதவுக்குள் நுழைய முடியவில்லை.

எனக்கும் ஒன்று கிடைத்தது. அக்காவோடு கூட வரும் தோழிகள் அணியில் எல்லோருக்கும் வெள்ளைக் கையுறை! எனக்குப் பதினோரு வயது. குளிருக்குப் போடும் கையுறையைச் சேர்க்காவிட்டால், இதுதான் என் முதல் கையுறை. காலையிலேயே மாட்டிக்கொண்டேன். முட்டை சாப்பிடும்போது மட்டும் கழற்றினேன்.

பத்து மணிக்கு நான் முற்றத்துக்கு வந்தபோது, மாமா டயர்களுக்கு பாலிஷ் பூசி முடித்திருந்தார். கதவின் மேல் விளிம்பில் நீளமாக ஓடும் ரப்பர் பட்டைக்கும் அதையே பூசியிருந்தார். நான்கு டயர்களும் மழையில் நனைந்தவை போல மின்னின.

"எப்படி இருக்கு மிரேயா? ஈரமா மின்னுதா?"

"மின்னுது மாமா. சொட்டவும் செய்யுது."

"சொட்டட்டும்! ஒனேசிமோ வந்து பாக்கட்டும். அவனுக்கு வயிறு எரியணும்."

ஒனேசிமோ மாமாவின் நண்பர். சிவப்புக் கார் வைத்திருப்பவர். போன மாதம் கார் கண்காட்சியில் அவர்தான், "என்னப்பா, உன் டயர் பழைய செருப்பு மாதிரி பழுப்படிச்சுக் கிடக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து மாமாவுக்குக் கனவிலும் டயர்தான்.

அந்த நேரம் பார்த்து எங்கள் நாய் ஹரினா வந்தது. அது மாவு மாதிரி வெள்ளை. முன் டயரில் சாய்ந்து முதுகைச் சுகமாகத் தேய்த்துக்கொண்டது. திரும்பினால், வரிக்குதிரை!

"இது எந்தச் சேத்துல போய்ப் புரண்டுச்சோ!" என்றார் மாமா.

ஹரினா முற்றத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. நான் அதன் முதுகைப் பார்த்தேன். கதவின் ரப்பர் பட்டையைப் பார்த்தேன். அக்கா மேலே உட்கார்ந்தால் அவள் பாவாடை எங்கே போய் விழும்? நேராக அந்தப் பட்டையின் மேல்தான்.

என் கையுறையைப் பார்த்தேன். மனசே வரவில்லை. ஆனாலும் கட்டைவிரலை நீட்டி, பட்டையின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன்.

கட்டைவிரல் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது.

'அம்மா!' என்று கத்தலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். விடியும் முன்பே எழுந்து வேலை பார்த்த மாமாவை அவர்கள் முன்னால் மாட்டிவிட எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, கொஞ்சம் குனிங்களேன்" என்று கூப்பிட்டு, விரலை அவர் மூக்குக்கு நேராகக் காட்டினேன்.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "இன்னும் காயல. அதான்."

"பூசறதுக்கு முன்னாடி கழுவினீங்களா?"

"தண்ணி அடிச்சேனே!"

"சோப்பு?"

மாமா வானத்தைப் பார்த்தார். "இவ்வளவு பளபளன்னு பூசியிருக்கேன். அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"ஹரினாவுக்குத் தெரிஞ்சுபோச்சே."

"எல்லாத்தையும் கழுவிட்டா டயர் வெளிறிப் போயிடும் மிரேயா. ஒனேசிமோ மறுபடியும் சிரிப்பான்." எனக்குப் பாவமாக இருந்தது.

"அவர் சிரிச்சா ஒரு நாள் சிரிப்பார், மாமா. கவுன்ல கறை பட்டா அம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

என் அம்மா மாமாவுக்கு அக்கா. அவர் ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்தார்.

சோப்புத் தண்ணீரில் முரட்டு பிரஷ்ஷை முக்கி, மாமா டயரைத் தேய்த்தார். நுரை காப்பி நிறத்தில் வழிந்தது. நான் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு துணியால் ரப்பர் பட்டையைத் தேய்த்தேன். தண்ணீர் விட்டுத் துடைத்து, கையுறையை மறுபடி மாட்டி, ஆள்காட்டி விரலால் இழுத்துப் பார்த்தேன். பழுப்பு.

"இன்னொரு தடவை, மாமா."

இரண்டாவது முறை நுரை பால் கலந்த தேநீர் மாதிரி வந்தது. நடுவிரலில் சாம்பல் நிறம்.

"போதும்டி, கை வலிக்குது!"

"நுரை வெள்ளையா வரணும், மாமா. நம்ம டயர்ல வெள்ளைக் கோடு இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது."

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டயரின் ஓரத்தில் இருந்த மெல்லிய வெள்ளைக் கோடு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. மூன்றாவது முறை நுரை வெள்ளையாகவே வழிந்தது. மோதிர விரலில் ஒரு நிழல் போலத்தான் பட்டது.

ரப்பர் நன்றாகக் காய்ந்ததும் மாமா பாலிஷ் டப்பாவைக் கவிழ்க்கப் போனார். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"சொட்டக் கூடாது. பஞ்சுல கொஞ்சமா எடுத்து, தேய்ச்சு விடுங்க."

"நீ என்ன என் அக்காவா?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சொன்னபடியே செய்தார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் டயர், பட்டை எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தோம்.

மிச்சம் இருந்தது என் சுண்டுவிரல். டயரில் ஒரு இழுப்பு. பட்டையில் ஒரு இழுப்பு. இருவரும் குனிந்து பார்த்தோம்.

சுண்டுவிரல் வெள்ளையாகவே இருந்தது!

பதினொன்றரைக்கு அக்கா வந்தாள். நான்கு பேர் சேர்ந்து அவளை மேலே ஏற்றினோம். பாவாடை மெத்தென்று கதவு ரப்பரின் மேல் விழுந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை.

"மிரேயா! உன் கையுறைக்கு என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

"என்னாலதான் அக்கா. அவளைத் திட்டாதே" என்றார் மாமா.

உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பூசை முழுவதும் வலது கையைப் பூச்செண்டுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். ஆனால் கோயில் படியில் அக்கா சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டபோது, அந்தப் பாவாடையில் ஒரு புள்ளி கூட இல்லை.

ஒனேசிமோ பலோமாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "டயர் புதுசா மாத்திட்டியா, ஃபகுண்டோ?"

மாமா என் கையைப் பிடித்து, கையுறையை மெதுவாக உருவினார். கார்க் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலைக்குப் பக்கத்தில் அதைக் கட்டினார்.

"என்னப்பா இது, அழுக்குக் கையுறை?"

"மரியாதையா பேசு. அதுதான் எங்க நடுவர்" என்று சொல்லி, ஒவ்வொரு விரலாகக் காட்டி முழுக்கதையையும் சொன்னார் மாமா. தான் சோப்புப் போடாததைக்கூட மறைக்கவில்லை.

ஒனேசிமோ மெல்ல நடந்து தன் சிவப்புக் காரிடம் போனார். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, டயரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த விரலை அவசர அவசரமாகத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன்.